பெயர் எழுதப்படாத மக்கள்: பாலஸ்தீனமும் வல்லரசுகளும் (கேள்வி பதில்)

மேற்காசிய வரலாற்றைக் கல்லூரியில் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில், பாலஸ்தீனர்களின் அரசியலில் வல்லரசுகளின் பங்கைப் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தேன். ஒன்றையே பலர் கேட்டிருந்தால் ஒருமுறைதான் பதில் தந்திருக்கிறேன். ஒரு வேண்டுகோள்: ஓர் ஒப்பந்தத்தைச் சுட்டிக் கேட்பவர்கள் அதன் மூல வாசகத்தை ஒருமுறையேனும் படித்துவிட்டுக் கேளுங்கள். இவற்றுள் பல, ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுபவை.

முதுகலை மாணவி ஒருவர்: ஒரே நிலத்தை பிரிட்டன் மூன்று தரப்புக்கு வாக்களித்தது என்கிறார்களே, அது சரியா?

ஏறத்தாழ சரி, ஆனால் மூன்றும் ஒரே வகை வாக்குறுதிகள் அல்ல. 1915 அக்டோபரில் எகிப்திலிருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் மெக்மஹோன், மெக்காவின் ஷரீஃப் ஹுசைனுக்கு எழுதிய கடிதத்தில் அரபு விடுதலையை ஆதரிப்பதாக ஒப்புக்கொண்டு, டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ ஆகிய மாவட்டங்களுக்கு மேற்கே உள்ள சிரியப் பகுதிகளை விலக்கினார். நிலப்படத்தை எடுத்துப் பாருங்கள்: பாலஸ்தீனம் டமாஸ்கஸுக்கு மேற்கே இல்லை, தென்மேற்கே இருக்கிறது. பின்னாளில் லண்டன், அதுவும் விலக்கப்பட்ட பகுதியில் சேரும் என்றே வாதாடியது. 1916-இல் பிரிட்டனின் சைக்ஸும் பிரான்ஸின் பிக்கோவும் போட்ட இரகசிய ஒப்பந்தம், பாலஸ்தீனத்தின் பெரும்பகுதியைப் பன்னாட்டு நிர்வாகத்துக்கு ஒதுக்கியது.

மூன்றாவதாக வந்த பால்ஃபர் பிரகடனம், 1917 நவம்பர் 2 அன்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர், பிரிட்டிஷ் யூதர்களின் முன்னணித் தலைவரான ரோத்ஸ்சைல்டு பிரபுவுக்கு எழுதிய ஒரு கடிதம். மூன்றில் நிலைத்தது அதுதான். பாலஸ்தீனத்தை ஆளும் பொறுப்பை பிரிட்டனுக்கு அளித்து 1922-இல் உலக நாடுகள் சங்கம் ஏற்ற பொறுப்பாட்சி ஆவணத்துக்குள்ளேயே அதன் வாசகம் சேர்க்கப்பட்டதால், ஒரு கடிதம் சட்டமாகிவிட்டது. யூத மக்களுக்குத் 'தேசியத் தாயகம்' அமைக்க உதவுவதாகச் சொல்லும் அக்கடிதம், அப்போது அங்கு வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கினராக இருந்த அரபு மக்களை 'தற்போதுள்ள யூதரல்லாத சமூகங்கள்' என்று மட்டுமே குறிப்பிடுகிறது. அவர்களுடைய குடிமை உரிமைகளும் சமய உரிமைகளும் காக்கப்படும் என்கிறது. அரசியல் உரிமை என்ற பேச்சே அவர்களுக்கு இல்லை. அதே வாக்கியத்தில், பிற நாடுகளில் வாழும் யூதர்களின் அரசியல் நிலைக்குக் குறை வரக்கூடாது என்று கவனமாக எழுதியிருக்கிறார்கள். சொல் கிடைக்காமல் விடுபட்டதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்பிரகடனத்தை அரசுக்குள் கடுமையாக எதிர்த்தவர், நமக்கு மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தால் அறிமுகமான இந்திய அமைச்சர் எட்வின் மாண்டேகு. அவரே ஒரு யூதர்.

நால்வர் கேட்டது: எல்லாவற்றுக்கும் பால்ஃபர்தானே காரணம்?

இல்லை. மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

வழக்கறிஞர் ஒருவர்: பாதுகாப்பு அவையின் 242-ஆம் தீர்மானத்தில் ஒரு சின்னஞ்சிறு சொல் இல்லாததால் அரை நூற்றாண்டாகச் சண்டை என்கிறார்கள். தமிழில் படித்தால் எனக்கு அது பிடிபடவில்லை.

தமிழில் பிடிபடாது, அதுவே இதில் சுவையான செய்தி. இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையிலான 1967 போருக்குப் பின், நவம்பர் 22 அன்று, பிரிட்டனின் கரடான் பிரபு முன்வைத்த வரைவு ஒருமனதாக நிறைவேறியது. 'அண்மைப் போரில் கைப்பற்றிய பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலகுதல்' என்று மொழிபெயர்த்தால், குறிப்பிட்ட அந்தப் பகுதிகள் எல்லாமா, அவற்றில் சிலவா என்பதை நம் மொழி காட்டாது. ஆங்கிலத்தில் 'பகுதிகள்' என்ற சொல்லுக்கு முன் 'தி' சேர்த்தால் எல்லாப் பகுதிகளும் என்று பொருள்படும். சேர்க்காமல் விட்டால் விவாதத்துக்கு இடமுண்டு. வேண்டுமென்றே விட்டார்கள். அதே தீர்மானத்தின் பிரெஞ்சு வாசகம் 'டே' என்ற சொல்லோடு வருவதால் அந்த ஐயத்துக்கு அவ்வளவு இடம் தருவதில்லை. ஆகவே இஸ்ரேல் ஆங்கிலத்தைக் காட்டியது. அரபு நாடுகள் பிரெஞ்சையும், போரினால் நிலம் சேர்ப்பது ஏற்கத்தக்கதல்ல என்னும் முகவுரையையும் காட்டின.

ஆனால் எல்லோரும் இந்த 'தி'யைத் தேடுகிறார்கள். அதைவிடப் பெரிய சொல் ஒன்று அங்கே இல்லாததைப் பார்ப்பதில்லை. தீர்மானத்தில் 'பாலஸ்தீனர்' என்ற சொல் எங்கும் கிடையாது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மேற்குக் கரையிலும் காஸாவிலும் ஆக்கிரமிப்பின் கீழ் வந்திருந்தார்கள்; 'அகதிகள் பிரச்சினைக்கு நியாயமான தீர்வு' என்ற ஒரு தொடரோடு அவர்கள் கதை முடிந்தது. 1975-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸிஞ்சர், 242-ஐ ஏற்று இஸ்ரேலின் இருப்புரிமையையும் ஒப்புக்கொள்ளாதவரை பாலஸ்தீன விடுதலை இயக்கத்தோடு அமெரிக்கா பேசாது என்று இஸ்ரேலுக்கு எழுத்தில் உறுதியளித்தார். தம் பெயரே இல்லாத தாளை ஏற்றுக்கொண்டால்தான் தம்மோடு பேசுவார்கள் என்ற நிலையில் அவர்கள் 1988 டிசம்பர் வரை இருந்தார்கள்.

ஓய்வுபெற்ற தொழிற்சங்கத் தோழர்: மேற்கு வல்லரசுகளையே சொல்கிறீர்கள். தொடக்கத்திலிருந்து பாலஸ்தீனர்களுக்குத் துணைநின்ற சோவியத் ஒன்றியத்தை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை, தோழர், 'தொடக்கத்திலிருந்து' என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 1947 நவம்பர் 29 அன்று, பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என இரண்டாகப் பிரிக்கும் தீர்மானம் ஐ.நா. பொதுச் சபையில் 33-க்கு 13 என்று நிறைவேறியது. பத்து நாடுகள் விலகி நின்றன. அந்த 33-இல் சோவியத் ஒன்றியம், உக்ரைன், பெலாரஸ், போலந்து, செக்கோஸ்லோவாக்கியா ஆகிய ஐந்தும் அடக்கம். அந்த ஐந்து வாக்குகளும் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் 28-க்கு 18. தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைத்திருக்காது. இந்தியா எதிர்த்து வாக்களித்தது.

அதே தோழர்: வாக்கு வேறு, செயல் வேறு. இஸ்ரேலை முதலில் அங்கீகரித்தது அமெரிக்க அதிபர் ட்ரூமன் அல்லவா?

1948 மே 14 அன்று, இஸ்ரேல் உருவான பதினொரே நிமிடத்தில் ட்ரூமன் அங்கீகரித்தது உண்மை. ஆனால் அது நடைமுறை அங்கீகாரம் மட்டுமே. மூன்று நாள் கழித்து முழுமையான சட்டபூர்வ அங்கீகாரம் வழங்கியது மாஸ்கோ. செயல் என்று கேட்டீர்கள் அல்லவா? அமெரிக்கா ஆயுத ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்த அந்த மாதங்களில், இஸ்ரேலியப் படைக்குத் துப்பாக்கிகளும் போர் விமானங்களும் மாஸ்கோவின் இசைவோடு செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்துதான் சென்றன. நாஜி ஆக்கிரமிப்பின்போது ஜெர்மானியர்களுக்காக உழைத்த தொழிற்சாலைகளில் உருவான ஜெர்மானிய வகை ஆயுதங்கள் அவை. பிரிட்டனை அப்பகுதியிலிருந்து அகற்ற வேண்டும் என்பது ஸ்டாலினின் கணக்கு. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்த அந்த நக்பா ஆண்டில், இரு வல்லரசுகளும் ஒரே பக்கம்தான் நின்றன.

வேறொரு வாசகர் குறுக்கிட்டு: தோழர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 1967-க்குப் பின் நிலைமை மாறவில்லையா?

மாறியது. 1967 ஜூனில் இஸ்ரேலுடனான உறவை மாஸ்கோ முறித்துக்கொண்டது. பாலஸ்தீன இயக்கத்துக்குப் பயிற்சியும் ஆயுதமும் உயர்கல்விக்கான இடங்களும் வழங்கியது. இதை மறுத்தால் நான் நேர்மையற்றவன். ஆனால் 1990, 1991 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சோவியத் ஒன்றியத்திலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் இஸ்ரேலில் குடியேற அதே மாஸ்கோ வழிவிட்டது. மக்களின் வெளியேறும் உரிமை என்ற அளவில் அது நியாயமே. எனினும் ஆதரவு தரும் வல்லரசுக்குத் தன் தேவை மாறும்போது, ஆதரவு பெறுபவரிடம் யாரும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

அதே தோழர்: இது சோவியத் எதிர்ப்புப் பிரச்சாரம்.

ஐ.நா. வாக்குப் பதிவேட்டைப் படியுங்கள். இதைப் பற்றி வந்த மேலும் ஒன்பது கடிதங்களுக்கும் இதுவே பதில்.

ஆறு பேர் கேட்டது: அமெரிக்கா நினைத்தால் இஸ்ரேலைக் கட்டுப்படுத்த முடியுமா, முடியாதா?

முடிந்திருக்கிறது. சூயஸ் போருக்குப் பின் ஐசனோவர் பொருளாதாரத் தடையைப் பற்றிப் பேசியதும் 1957 மார்ச்சில் இஸ்ரேல் காஸாவிலிருந்தும் சினாயிலிருந்தும் வெளியேறியது. 1991-இல் மூத்த புஷ், குடியேற்றங்களைக் காரணம் காட்டி ஆயிரம் கோடி டாலர் கடன் உத்தரவாதத்தை நிறுத்திவைத்தார். 2019 முதல் 2028 வரையிலான பத்து நிதியாண்டுகளுக்கு 3,800 கோடி டாலர் இராணுவ உதவி என்பது 2016-இல் ஒபாமா காலத்தில் போட்ட உடன்பாடு. முடியுமா என்பதல்ல, வாஷிங்டனில் யாருக்கு அது தேவைப்படுகிறது என்பதே கேள்வி.

ஒருவர்: இது மதப் போர்தானே?

இந்தத் தொடரின் பொருள் அதுவல்ல.

பொருளியல் ஆசிரியர்: 2006 தேர்தலுக்குப் பின் உதவியை நிறுத்தியது சாதாரண மக்களை எப்படித் தாக்கியது?

அத்தேர்தல் நடக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் அமெரிக்காவே முன்னணியில் நின்றது. 132 இடங்களில் 74-ஐ ஹமாஸ் வென்றதும், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்யா, ஐ.நா. ஆகியோரின் நால்வர் குழு, வன்முறையைக் கைவிடுதல், இஸ்ரேலை ஏற்றல், பழைய உடன்பாடுகளை மதித்தல் என்று மூன்று நிபந்தனைகள் விதித்தது. மேற்கத்திய அரசுகள் நேரடி உதவியை நிறுத்தின. அதைவிட வலித்தது வேறொன்று. 1994 பாரிஸ் உடன்பாட்டின்படி, பாலஸ்தீனர்களுக்கு வரும் இறக்குமதிப் பொருள்களின் சுங்க வரியை இஸ்ரேலே வசூலித்து மாதந்தோறும் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அதை இஸ்ரேல் பிடித்துவைத்துக்கொண்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களின் சம்பளம் நின்றது. அவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள், செவிலியர்கள், காவலர்கள். மளிகைக் கடைக் கணக்கு ஏறியதை எந்த ஒப்பந்தத்திலும் படிக்க முடியாது.

தோழர் மீண்டும்: கடைசியாக ஒன்று. பாலஸ்தீனர்கள் தம் பெயரில் கையெழுத்திட்ட ஆவணமாவது உண்டா?

நல்ல கேள்வி, சண்டையை மறந்தேன். 1991 மாட்ரிட் மாநாட்டில் அவர்கள் ஜோர்டான் தூதுக்குழுவின் ஒரு பகுதியாகவே அமர்த்தப்பட்டார்கள். 1993 செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் கையெழுத்தான ஓஸ்லோ உடன்பாட்டில், கடைசி நேரத்தில் அவர்களின் தலைவர் அராஃபத் பிடிவாதம் பிடித்த பின்னரே 'பாலஸ்தீன விடுதலை இயக்கம்' என்ற பெயர் நுழைந்தது. இருந்தும் முதல் பத்தியைப் பாருங்கள்: அப்பெயரை அடுத்து, அடைப்புக்குறிக்குள், 'ஜோர்டான்–பாலஸ்தீனத் தூதுக்குழுவில்' என்ற பழைய தொடர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே இஸ்ரேலுக்காக ஷிமோன் பெரஸும் பாலஸ்தீனர்களுக்காக மஹ்மூத் அப்பாஸும் கையெழுத்திட்டிருக்கிறார்கள், சாட்சிகள் இருவர். ஒருவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் வாரன் கிறிஸ்டோபர். மற்றவர், நார்வேயில் நடந்த அந்த இரகசியப் பேச்சுவார்த்தையில் எந்தப் பங்கும் வகிக்காத ரஷ்யாவின் ஆந்த்ரே கோஸிரெவ்.