மாயா பிரமிடுகளைக் கட்டியது யார்?

கேள்வி: மெக்சிகோ, குவாத்தமாலா பக்கம் உள்ள மாயா பிரமிடுகளைக் கட்டியவர் நம் புராணத்து மயன்தான் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். இரும்புக் கருவியும் வண்டிச் சக்கரமும் இல்லாத காட்டுவாசிகளால் அதையெல்லாம் கட்டியிருக்க முடியாதாமே?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கட்டியவர்கள் மாயா மக்கள்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெயர் ஒற்றுமையை நம்பாதீர்கள். 'மாயா' என்பது மெக்சிகோவின் யுகத்தான் பகுதியில் வழங்கிய பெயர். அந்த இனத்தார் எல்லாருக்கும் அது பொதுப்பெயரானது பிற்காலத்தில்.

இரும்பு இல்லை, பாரம் இழுக்க மாடு இல்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் அவர்கள் காலடியில் கிடந்தது சுண்ணாம்புக்கல். வெட்டி எடுத்த புதிதில் அது மிருதுவாக இருக்கும், காற்றுப் பட்டதும் இறுகும். தீத்தட்டிக் கல்லால் செய்த உளியே அதைச் செதுக்கப் போதும். அதே கல்லைச் சுட்டால் காரைக்குச் சுண்ணாம்பு. ஹோண்டுராஸில் உள்ள கோப்பான் நகரத்துப் பூச்சு ஆயிரம் வருட மழைக்கும் ஏன் உதிரவில்லை என்று ஆராய்ந்து 2023-இல் ஒரு கட்டுரை வந்தது. உள்ளூர் மரப்பட்டைச் சாற்றைச் சுண்ணாம்பில் கலந்ததுதான் காரணம் என்கிறது அது. நம் கொத்தனார்கள் கடுக்காய்ச் சாறு சேர்த்தது நினைவுக்கு வருகிறதா? எனக்கும் வந்தது. அதை வைத்து யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்று கிளம்பிவிடக் கூடாது. அவரவர் காட்டில் கிடைத்ததை அவரவர் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

அவர்களே கட்டினார்கள் என்பதற்கு எனக்குப் பெரிய சாட்சி அவர்களுடைய கூரைதான். இரண்டு பக்கச் சுவரிலும் ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் நீட்டி வைத்து, உச்சியில் ஒரு கல்லால் மூடுவார்கள். பின்னால் உள்ள சுவரின் பாரம்தான் நீட்டிய கல்லைக் கவிழாமல் பிடித்திருக்கும். அதனால் சுவர் தடிக்கும், அறை குறுகும். குவாத்தமாலாவில் உள்ள திக்கால் நகரத்துக் கோயில்கள் வானளாவ நின்றாலும் உள்ளே இருப்பவை சந்து போன்ற அறைகள். மெக்சிகோவில் உள்ள பலேன்கே நகரத்தில் 7-ஆம் நூற்றாண்டு வாக்கில் இதற்கு வழி கண்டார்கள். கூரையின் வெளிப்பக்கத்தையும் உள்சரிவுக்கு இணையாகச் சாய்த்துப் பாரத்தைக் குறைத்தார்கள். நடுவில் ஒரே சுவரை வைத்து, இரண்டு கூடங்களை ஒன்றையொன்று தாங்கும்படி ஒட்டிக் கட்டினார்கள். கூரை உச்சியில் எழுப்பும் அலங்காரச் சுவரையும் அந்த நடுச்சுவருக்கு நேர் மேலே, சல்லடைபோல் துளைகள் விட்டு வைத்தார்கள். சுவர் மெலிந்தது, வாசல் அகன்றது, உள்ளே வெளிச்சம் வந்தது. அப்புறம் யுகத்தானில் உள்ள உஷ்மால் நகரத்துப் பக்கம் இன்னொரு படி மேலே போனார்கள். சுண்ணாம்பும் கல்சல்லியும் கலந்த கலவையே இறுகி ஒரே கட்டியாக நிற்கும். செதுக்கிய கல் அதன் மேல் போர்த்திய தோல் மாதிரி. முகப்புக் கல் விழுந்த பிறகும் கூரை நிற்கிற இடங்கள் அங்கே உண்டு. ஒருவர் வந்து சாஸ்திரத்தை முழுசாகக் கையில் கொடுத்திருந்தால் இத்தனை நூற்றாண்டு முட்டி மோதிக் கற்ற தடம் இருக்குமா?

திக்கால் கோயில்களின் வாசல் நிலைகளுக்கு மேலே குறுக்குக் கட்டையாகச் சப்போட்டா மரத்தைப் போட்டிருக்கிறார்கள். கரையான் சுலபத்தில் தொடாத வைரம் பாய்ந்த மரம். நாம் பழமாகத் தின்னும் அதே சப்போட்டாதான்; அது அந்தக் காடுகளிலிருந்து நம் ஊருக்கு வந்தது.

உஷ்மால், அதே பகுதியில் உள்ள லப்னா ஆகிய ஊர்களின் படங்கள் கிடைத்தால் முகப்பை உற்றுப் பாருங்கள். சின்னச் சின்னக் கூரைக் குடிசைகளைக் கல்லில் செதுக்கியிருப்பார்கள். கட்டியவர்கள் தங்கள் வீட்டையே அரண்மனைச் சுவரில் வைத்திருக்கிறார்கள். அந்த இனத்தார் அழிந்துபோகவில்லை. ஏறக்குறைய முப்பது மாயா மொழிகளைப் பேசிக்கொண்டு லட்சக்கணக்கில் இன்றும் வாழ்கிறார்கள். யுகத்தான் கிராமங்களில் அதே வடிவத்தில் ஓலை வேய்ந்த வீடுகளை இன்றும் கட்டுகிறார்கள்.