துளைக்குள் ஈயம் ஊற்றினால் போதுமா?

கேள்வி: பெரிக் குளோரைடில் அரித்து, வீட்டிலேயே இரு பக்க பிசிபி (மின்சுற்றுப் பலகை) ஒன்று செய்தேன். மேல் டிராக்கையும் (செம்புத் தடம்) கீழ் டிராக்கையும் சேர்க்க 0.8 மி.மீ. துளைகளில் ஈயத்தை உருக்கி நிரப்பினேன். முதலில் வேலை செய்தது. இப்போது போர்டை அழுத்திப் பிடித்தால்தான் எல்இடி எரிகிறது. எங்கே தவறு?

பதில்: ஈயத்தை நம்பியதுதான் தவறு. தொழிற்சாலை போர்டில் துளையின் உட்சுவரிலும் செம்பு பூசியிருப்பார்கள். ஈயம் அதைப் பற்றிக்கொண்டு உள்ளே இறங்கும். உங்கள் துளையின் சுவரோ வெறும் கண்ணாடி இழையும் எபாக்ஸியும். அதில் ஈயம் ஒட்டாது. உருகியதும் இரு முனைகளிலும் உள்ள செம்புப் பக்கம் ஒதுங்கிவிடும். நடுவில் ஃபிளக்ஸும் (ஈயம் ஒட்ட உதவும் பசை) காற்றும் அடைந்துகொள்ளும். முதல் நாள் எல்இடி எரிந்ததென்றால், உள்ளே எங்கோ மயிரிழையாகத் தொட்டுக்கொண்டிருந்திருக்கும். போர்டு வளைந்தால் அதுவும் விட்டுப்போகும்.

இதற்குக் கம்பிதான் வழி. வெட்டிப்போட்ட ரெசிஸ்டர் கால் போதும், பெரும்பாலும் 0.5 அல்லது 0.6 மி.மீ. இருக்கும். துளையில் நுழைத்து, இரு பக்கமும் 2 மி.மீ. விட்டு, டிராக்கின் மேல் படியும்படி மடக்கிப் பற்றவையுங்கள். மடக்காமல் விட்டால் மறுபக்கம் சூடேற்றும்போது கம்பி நழுவி விழும். எல்லோரும் ஒரு முறையாவது பட்டிருப்போம். துளைகள் வரிசையாக இருந்தால் ஒரே நீளக் கம்பியைத் தையல் போடுவதுபோல மேலும் கீழுமாகக் கோத்து, எல்லாவற்றையும் பற்றவைத்த பிறகு இடைப்பட்ட துண்டுகளை வெட்டிவிடலாம்.

இதை மட்டமான வேலை என்று நினைக்க வேண்டாம். தொழிற்சாலைத் துளையில் செம்புப் பூச்சு சுமார் 25 மைக்ரான்தான். 0.8 மி.மீ. துளையில் அதன் குறுக்குப் பரப்பு 0.06 சதுர மி.மீ. அளவே வரும். 0.6 மி.மீ. கம்பிக்கோ 0.28.

அடுத்த போர்டை வரையும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ரெசிஸ்டரின் காலையே இரு பக்கமும் பற்றவைத்து இணைப்பாக்கலாம். ஆனால் சாதாரண ஐசி (சிப்) சாக்கெட், ரிலே, எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் ஆகியவை போர்டோடு ஒட்டி உட்காருவதால் மேல்பக்கம் பற்றவைப்புக்கோல் நுழையாது. அவற்றுக்கு வரும் டிராக்குகளைக் கீழ்ப்பக்கமே கொண்டுவாருங்கள். ஐசிக்கு அடியில் கம்பி இணைப்பு வைத்தால் அதன் மேடு சாக்கெட்டைத் தூக்கிவிடும். துளையைச் சுற்றி 2 மி.மீ. செம்பு வட்டமாவது விடுங்கள். சிறிய வட்டம் சூட்டில் பெயர்ந்து வந்துவிடும்.

துளைக்குள் நுழைக்கும் சின்னஞ்சிறு செம்பு ரிவெட்டுகளும் உண்டு. அழகாக இருக்கும், ஆனால் துளையளவு துல்லியமாக இருக்க வேண்டும். வீட்டில் துளைச் சுவருக்குச் செம்பு முலாம் பூசுவதை நான் சொல்லமாட்டேன். மின்சாரம் கடத்தாத சுவரை முதலில் கடத்தவைக்க வேண்டும், பிறகு கந்தக அமிலக் குளியல். பத்துப் பதினைந்து துளைகளுக்கு அவ்வளவு பாடு எதற்கு?

இப்போதுள்ள போர்டைத் தூக்கிப்போடாதீர்கள். உறிஞ்சு பம்பால் ஈயத்தை எடுத்து, துளையை ஊசியால் திறந்து, கம்பி கோத்துப் பற்றவையுங்கள். பிறகு மல்டிமீட்டரை பீப்பில் (இணைப்பு இருந்தால் சத்தமிடும் நிலை) வைத்து, போர்டை மெல்ல வளைத்தபடியே ஒவ்வொரு துளையாகப் பாருங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் அந்த முனையை மட்டும் மறுபடி சூடாக்கினால் போதும்.