மலசலகூடக் குழியும் கிணறும்: வளவுக் கேள்விகளுக்குப் பதில்

கரையோர மணலில் 30 வருடமாக மலசலகூடங்கள் கட்டிய மேசன் நான். கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கல்லடி: மாரி வந்தால் மலசலகூடத்தில் தண்ணீர் இறங்குவதில்லை. கழிவை உறிஞ்சி எடுக்கும் பவுசர் வண்டி வந்து எடுத்தாலும் மூன்றாம் நாள் அதே நிலைதான். குழி சிறியதா, ஐயா?

குழியில் குறையில்லை, தங்கச்சி. நிலம்தான் நிரம்பியிருக்கிறது. மார்கழியில் உங்கள் கிணற்றை எட்டிப் பாருங்கள். ஏறக்குறைய அதே மட்டத்தில்தான் உறிஞ்சு குழிக்குள்ளும், அதாவது கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் குழிக்குள்ளும், தண்ணீர் நிற்கும். வெளியேற வழியில்லாத நீர் குழாய் வழியே திரும்புகிறது. பவுசர் எடுத்த இடத்தை ஊற்று நிரப்பிவிடும். வெள்ளம் நிற்கும்போது, அடியும் சுவரும் பூசிய மலத்தொட்டி இருந்தால், அதை முழுதாக வெறுமையாக்கவும் வேண்டாம். கீழிருந்து நீர் தள்ளினால் தொட்டி மேலெழும்பி, குழாய்ப் பொருத்து உடைந்துவிடும்.

மழை நாட்களில் குளிக்கும் நீரையும் துவைக்கும் நீரையும் வேறு பக்கம் திருப்புங்கள். கூரைத் தண்ணீரை எந்தக் காலத்திலும் குழிக்குள் விடாதீர்கள். கோடையில் உறிஞ்சு குழியை ஆழத்தைக் குறைத்து, அகலமாகத் திருத்திக் கட்டுங்கள். அதன் அடி மாரி நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். நிலம் தாழ்வானால் மலசலகூடத்தையே மேடையிட்டு உயர்த்துவதுதான் வழி.

காத்தான்குடி: 6 பேர்ச் வளவு. கிணற்றுக்கும் குழிக்கும் 20 அடிதான். தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது, குடிக்கலாமா?

குடிக்க வேண்டாம், தம்பி. 50 அடியாவது இடைவெளி வேண்டும். நம் மணலில் அதற்கு மேல் இருந்தால் நல்லது. அடுத்த வீட்டுக் குழி வரைக்கும் அளந்து பாருங்கள், மதில் நிலத்தடி நீரைத் தடுக்காது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் மலக்கழிவிலிருந்து நீரில் கரைந்து வரும் நைத்திரேற்று என்ற உப்பு போகாது. நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீரைத் தொடவே தொடாதீர்கள். குடிக்கக் குழாய்நீர் எடுங்கள், கிணறு பூமரங்களுக்கு இருக்கட்டும்.

இன்னொன்று. நம் பக்கத்தில் பலர் தொட்டி என்று சொல்வது அடியில்லாத சீமெந்து வளையங்களைத்தான். அடியும் சுவரும் பூசிய தொட்டியில் கசடு கீழே படியும், எண்ணெய்ப்பசை மேலே மிதக்கும், நடுவிலுள்ள நீர் மட்டும் உறிஞ்சு குழிக்குப் போகும். வளையக் குழியில் எல்லாமே நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அக்கரைப்பற்று: எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்?

பொதுவாக 3 முதல் 5 வருடம். ஆனால் வருடத்தை எண்ணுவதைவிட அளந்து பார்ப்பது மேல். நீளக் கம்பில் பழைய வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி, தொட்டியின் அடிவரை இறக்கி, சில நிமிடம் பிடித்து மெல்லத் தூக்குங்கள். துணியில் கறுப்பு ஏறிய உயரம்தான் கசடு. அது தொட்டி நீரின் மூன்றிலொரு பங்கை எட்டினால் பவுசரைக் கூப்பிடுங்கள். மூடியருகே நெருப்பு வேண்டாம்.

வாழைச்சேனை: ஈஸ்ட் போட்டால் குழி நிரம்பாதாமே?

வீண் செலவு. வேண்டிய நுண்ணுயிர் மலத்திலேயே இருக்கிறது. புளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டி அதைக் கொல்லாமல் இருந்தால் போதும்.

திருக்கோவில்: பவுசர் பிந்துகிறது. அப்பா தானே இறங்கி அள்ளுவதாகச் சொல்கிறார்.

காலைப் பிடித்தாவது தடுத்துவிடுங்கள், மகள். உள்ளே தங்கும் வாயு ஒரு மூச்சில் ஆளை வீழ்த்திவிடும். கடுமையானால் நாற்றம்கூடத் தெரியாது, மூக்கு மரத்துவிடும். தூக்க இறங்குபவரும் விழுவார். பிரதேச சபையில் மறுபடியும் கேளுங்கள். பவுசர் வரும்வரை மூடியின் மேல் பாரமான கல்லொன்றை ஏற்றி வையுங்கள்.