பூஸ்டர் வாங்குவதற்கு முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் 2013-இல் டர்பன் ஓவர்போர்ட் பகுதியில் நாங்கள் குடியிருந்த மூன்றாம் மாடி ஃபிளாட்தான் கண்முன் வந்தது. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து மூன்று வாரம், உம்லாங்காவில் வீடு, ஃபைபர் இன்டர்நெட் போட்டாயிற்று, பகலில் நன்றாக இருக்கிறது, ராத்திரி ஏழு மணிக்கு அமெரிக்கக்காரர்களோடு மீட்டிங் தொடங்கினால் அறுந்து அறுந்து போகிறது, போனில் பார்த்தால் 23 வைஃபை பெயர்கள் வரிசை கட்டி நிற்கின்றன, வைஃபை பூஸ்டர் வாங்கலாமா என்கிறீர்கள். கூடவே அரிசி எங்கே கிடைக்கும், வாடகை நியாயமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மசாலாவுக்கு விக்டோரியா தெரு மார்க்கெட், அரிசிக்கு அதைச் சுற்றியுள்ள கடைகள், ஒரு சனிக்கிழமை போய்வந்தால் தெரிந்துவிடும். வாடகை ஆளுக்கு ஆள் மாறும், விடுங்கள். வைஃபைக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அதனால் நான் ஒரு வேலையையே இழக்க இருந்தேன்.

முதலில் பூஸ்டர் வாங்காதீர்கள். இங்குள்ள நம் ஆட்களிடம் எதைக் கேட்டாலும் ஒரு பொருளை வாங்கச் சொல்வார்கள். நானும் கேட்டு ஒன்று வாங்கினேன், போதவில்லை என்று கடைக்காரர் இன்னொன்றும் விற்றார். ஊர்க்காசுக்கு மாற்றிப் பார்த்து அன்றிரவு தூக்கமே வரவில்லை. சாதாரண பூஸ்டர் என்பது, தன் காதில் விழுந்ததையே அதே சேனலில், அதாவது வைஃபை பேசுகிற அதே அலைப்பாதையில், திரும்பச் சொல்கிற பொருள். ஏற்கெனவே கூட்டமாக இருக்கிற காற்றில் ஒவ்வொரு செய்தியும் இரண்டு தடவை போகும். ஆடி மாதம் ஒரே தெருவில் இரண்டு கோயில்கள் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இவர் சத்தத்தைக் கூட்ட, அவர் இன்னும் கூட்ட, கடைசியில் எந்தப் பாட்டும் காதில் விழாது. பூஸ்டர் செய்வது அதைத்தான்.

கோளாறு வைஃபையிலா, வெளியிலிருந்து வரும் லைனிலா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். ராத்திரி ஏழு மணிக்கே பாருங்கள், பகலில் பார்த்துப் பயனில்லை. லேப்டாப்பை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து ஒரு மீட்டிங் முழுக்க ஓட்டுங்கள். அறுந்தால் லைன் கோளாறு, கம்பெனிக்குப் போன் போடுங்கள். அறுந்துபோகாவிட்டால் கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கட்டுவது வீண். நான் அந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை போன் போட்டிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள், நானும் போட்டேன். இன்னொரு வழி, வைஃபையில் இருந்தபடியே ரவுட்டரின் சொந்த முகவரிக்குப் பிங் அடிப்பது, அதாவது ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. அந்த முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். நான்கைந்து மில்லிசெகண்டில் வரவேண்டிய பதில் திடீரென்று 200, 300 என்று எகிறினால் சிக்கல் உங்கள் சுவர்களுக்குள்தான்.

அப்புறம் ஆண்ட்ராய்டு போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போடுங்கள். எந்த நெட்வொர்க் எந்தச் சேனலில் இருக்கிறது என்று குன்று குன்றாக வரைந்து காட்டும். எங்கள் வீட்டில் முதல் தடவை பார்த்தபோது 6-ஆம் சேனலில் கவிழ்த்த கிண்ணங்கள் போல ஒன்றின் மேல் ஒன்றாக ஒன்பது இருந்தன. 11-இல் ஒன்றே ஒன்று.

2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிற வைஃபை அலைவரிசையில் இங்கே 13 சேனல்கள் உண்டு, ஆனால் ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 மூன்றுதான். எது காலியோ ரவுட்டரை அதில் வையுங்கள். 1-இலும் ஆள், 6-இலும் ஆள், அதனால் நடுவில் 3-இல் போகிறேன் என்று மட்டும் செய்யாதீர்கள். ஒரே சேனலில் இருக்கும் இரண்டு ரவுட்டர்கள் ஒன்று பேசும்போது மற்றது காத்திருந்து முறை வைத்துக்கொள்ளும். நடுவில் போய் உட்கார்ந்தால் உங்கள் பேச்சு இரண்டு பக்கமும் வெறும் இரைச்சலாகவே விழும், அவர்களுடையது உங்களுக்கும் அப்படியே. 12, 13 காலியாகத் தெரிந்தாலும் யோசியுங்கள். உங்கள் ஆபீஸ் லேப்டாப் அமெரிக்காவுக்கென்று வந்ததாக இருந்தால் அந்தச் சேனல்கள் அதன் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 2.4-இல் 40 வைப்பது இரண்டு பேர் இடத்தில் ஒருவர் கால் நீட்டிப் படுப்பது போல.

உங்கள் ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் இருக்கும், எனக்கு அன்று இல்லை. மீட்டிங்கை அதில் வையுங்கள். அது சுவரைத் தாண்டத் திணறும், பலர் அதைக் குறையாகச் சொல்வார்கள். ஃபிளாட்டில் அதுதான் நல்லது, பக்கத்து வீட்டுக்காரருடையதும் உங்கள் வீட்டுக்குள் அவ்வளவாக வராது. சேனலை 36 முதல் 48-க்குள் வையுங்கள். 52 முதல் 140 வரை ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ரேடார் காதில் விழுந்தால் ரவுட்டர் உடனே சேனலை விட்டு விலகியாக வேண்டும், பாதி மீட்டிங்கில் நீங்கள் காணாமல் போவீர்கள். 80 அகலம் வைத்தால் 36 முதல் 48 வரை நான்கையும் நீங்கள் ஒருவரே எடுத்துக்கொள்வீர்கள். 40 போதும், மீட்டிங்குக்கு அதுவே அதிகம்.

வைஃபை பெயரை மறைத்து வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள், ஆகாது. பெயர்தான் மறையும், அலை அப்படியே இருக்கும். அடுத்தவர் அலையை முடக்கும் ஜாமர் வாங்கலாம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். இந்த நாட்டில் அது சட்டப்படி குற்றம். அப்படி யோசனை சொல்பவர்களிடமிருந்து விலகி இருங்கள்.

இப்போது எங்கள் கதை. நான் வீட்டிலிருந்து ஊர்க் கம்பெனி ஒன்றுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். மாதக் கடைசியில் பட்டியல் ஏறும்போது இணைப்பு அறுந்து, இருநூறு பேருக்குச் சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனது. இன்னொரு தடவை நடந்தால் வேறு ஆள் பார்ப்போம் என்றார்கள். அன்று மாலை ஆப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பலமாகத் தெரிந்த நெட்வொர்க் யாருடையது என்று பார்த்து, பக்கத்து வீட்டில் சண்டை போடுவதற்கென்றே கதவைத் தட்டினேன். எழுபது வயது ஆன்ட்டி திறந்தார். தமிழ் வம்சம், தமிழ் பேச வராது. அடுப்படியில் மைக்ரோவேவ் ஓடிக்கொண்டிருந்தது, பீன்ஸ் கறி வாசனை. அவருடைய பேரன்தான் என் போனில் பார்த்துச் சொன்னான்: அவர்களுடையதும் 6, என்னுடையதும் 6, அவர்களுடையது 40 அகலத்தில் வேறு. அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. அந்த மைக்ரோவேவுக்கு நேர் பின்சுவரில்தான் என் ரவுட்டர் இருந்தது. மைக்ரோவேவ் ஓடுவதும் அதே 2.4-இல்தான். ஆன்ட்டி தினமும் ஏழு மணிக்குச் சாப்பாடு சூடு பண்ணுவார், எனக்கு ஏழு மணிக்கு இணைப்பு அறுந்துபோகும்.

ரவுட்டரை ஹாலுக்குக் கொண்டுபோய் இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் வைக்காமல் மர அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மேல் மாடியில் இருந்த ஜூலு நர்ஸ் அக்காவிடமும் ஆன்ட்டியே என்னைக் கூட்டிப்போனார். சவுபோனா என்று ஜூலுவில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்ததும் ஆன்ட்டிதான். மூன்று வீடும் பேசி, மேல் மாடிக்கு 1, ஆன்ட்டிக்கு 6, எங்களுக்கு 11 என்று ஒரு தாளில் எழுதி மின்சார மீட்டர் பெட்டிக் கதவில் ஒட்டினோம். ரவுட்டர்கள் அலை அனுப்பும் சக்தியையும் பாதியாகக் குறைத்தோம். சின்ன ஃபிளாட்டுக்கு அதுவே தாராளம்.

அந்தத் தாள் 2023-இல் மறுபடி உதவியது. அந்த வருடம் லோட் ஷெடிங், அதாவது முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது, இங்கே எல்லாரையும் வாட்டி எடுத்தது. கரண்ட் வந்ததும் கட்டடத்து ரவுட்டர்கள் எல்லாம் ஒரே நிமிடத்தில் விழிக்கும். சேனலைத் தானே தேர்ந்தெடுக்கட்டும் என்று ஆட்டோவில் விட்டவை அந்த நேரத்தில் யார் எங்கே என்று சரியாகக் கேட்காமலே ஒரே சேனலில் போய் விழும். கையால் வைத்த எங்கள் மூன்றும் அசையவில்லை. ஆகவே ஆட்டோவை நம்பாதீர்கள். கரண்ட் போனாலும் ஓடவைக்கும் மினி யுபிஎஸ் வாங்கினால் ரவுட்டருக்கு மட்டும் போடாமல் சுவரில் இருக்கும் ஃபைபர் பாக்ஸுக்கும் போடுங்கள், ஒன்று செத்தாலும் இன்டர்நெட் இல்லை.

ஒரு மனவருத்தமும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வரும் நம்மவர்களில் பலர், இந்த ஊர்த் தமிழர்களுக்குத் தமிழே தெரியாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்ததிலிருந்து கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த வம்சங்கள் இவை. மொழி கை நழுவியது, புரட்டாசி விரதம் நழுவவில்லை. அந்த ஆன்ட்டி புரட்டாசி முழுக்கக் கறி தொடமாட்டார். நானோ ஊரில் சனிக்கிழமை மட்டும் விட்டவள். ஆடியில் கூழ் காய்ச்சி முதல் கிண்ணத்தை எங்கள் வீட்டுக்குத்தான் அனுப்புவார், கேப்பை கிடைக்காவிட்டால் மக்காச்சோள மாவில். புளிப்பு சரியாக இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்பார், கூழ் என்ற சொல்லை மட்டும் தமிழில் சொல்வார். இப்போது டர்பனிலேயே சாட்ஸ்வொர்த் பகுதியில் மகளோடு இருக்கிறார், போன மாதம் போய்ப் பார்த்தேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்று ராத்திரி ஏழு மணிக்கும் நாளை மத்தியானமும் அந்த ஆப்பின் குன்றுப் படத்தை இரண்டு தடவை எடுத்து எனக்கு அனுப்புங்கள், 2.4 தனியாக, 5 தனியாக. ரவுட்டர் எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது, அந்தச் சுவருக்குப் பின்னால் யாருடைய அடுப்படி என்பதையும் கேட்டு எழுதுங்கள்.