தத்தெடுத்த இளம் நாயின் பயம், ஊளை, உறுமல்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

தெருவிலிருந்தும் காப்பகங்களிலிருந்தும் வீடுகளுக்குப் போகும் நாய்களை முதல் சில மாதங்கள் கூட இருந்து பழக்கிக் கொடுப்பது என் வேலை. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் இருக்கும் நாய்கள்தான் எனக்கு நன்றாகத் தெரிந்தவை, அதைக் கேளுங்கள். நான் கால்நடை மருத்துவர் இல்லை, மருந்து அளவு சொல்ல மாட்டேன். கேள்வி கேட்கும் முன் எழுந்து போய் வாசல் கேட்டின் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். புதிதாக வந்த நாய் வெளியே ஓடினால் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. அதற்கு அந்தப் பெயரும் தெரியாது, உங்களையும் தெரியாது.

வேளச்சேரியிலிருந்து: எட்டு மாதப் பெண் நாட்டு நாய், தெருவில் மீட்டது. வந்து ஐந்து நாள் ஆகிறது. கட்டிலுக்கு அடியில் போனது வெளியே வரவில்லை. நாங்கள் தூங்கிய பிறகுதான் சாப்பிடுகிறது. குழந்தைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏங்கிப் போய்விட்டார்கள். என்ன செய்ய அக்கா?

ராத்திரி சாப்பிடுகிறது என்றீர்களே, அது நல்ல செய்தி. பயந்தாலும் சாப்பிடுகிற நாய் தேறிவிடும்.

குட்டி உலகத்தைக் கற்றுக்கொள்வது பிறந்து 3-வது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14-வது வாரம் வரை. அப்போது பார்த்தது, கேட்டது, மிதித்தது எல்லாம் பிறகு அதற்குச் சாதாரணம். அப்போது பார்க்காத எதையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். உங்கள் நாய் அந்த வாரங்களைத் தெருவில் கழித்திருக்கிறது. லாரி ஹாரனுக்கு அசையாது, ஆனால் குக்கர் விசில், மிக்ஸி, தலைக்கு மேல் சுற்றும் ஃபேன், நாலு பக்கமும் சுவர், கால் வழுக்கும் டைல்ஸ் எல்லாமே அதற்குப் புதிது. டைல்ஸை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. கட்டிலிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் பழைய கோணியோ கால்மிதியோ போட்டுப் பாருங்கள், சில நாய்கள் அன்றைக்கே வெளியே வந்துவிடும்.

கையை உள்ளே விட்டு இழுக்காதீர்கள், ஒதுங்க இடமில்லாத நாய் கடிக்கும். குளிப்பாட்டாதீர்கள், அடுத்த மாதம் குளித்துக்கொள்ளலாம். பார்க்க வருகிறேன் என்று சொல்லும் சொந்தக்காரர்களை இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். குழந்தைகள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, அந்த அறையில் தரையில், கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடத்தைச் சத்தமாகப் படிக்கட்டும். உப்புப் போடாமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து, திரும்பிப் பார்க்காமல் பின்பக்கம் போட்டுக்கொண்டே இருக்கலாம். முதலில் மூக்கு வரும், அப்புறம் முன்னங்கால் வரும். வந்தவுடன் தடவ வேண்டாம், அது உங்களை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகட்டும். போகலாம் என்று தெரிந்தால்தான் மறுபடி வரும்.

வெளியே கூட்டிப் போகும்போது கழுத்து பெல்ட் ஒன்று, பாடி பெல்ட் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. பயந்த நாய் பின்னால் இழுத்து ஒரு நொடியில் கழுத்து பெல்ட்டைத் தலை வழியாக உருவிவிடும்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் வையுங்கள். சுருண்டே கிடக்கும் நாய்க்கு உண்ணிக் காய்ச்சலும் இருக்கலாம். ஈறு வெளுத்திருந்தால், உடம்பு சுட்டால், சாப்பாட்டை முழுதாக விட்டால், ரத்தமாகப் பேதி போனால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நோயைப் பயம் என்று நினைத்துக் காத்திருந்து நாயை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து: வாலை ஆட்டிக்கொண்டே உறுமுகிறது. சந்தோஷமா, கோபமா?

சந்தோஷம் இல்லை. வால் உயர்ந்து, விறைப்பாக, நுனி மட்டும் வேகமாக ஆடினால் உடம்பு முறுக்கேறி இருக்கிறது என்று அர்த்தம். இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடினால்தான் நட்பு. உறுமினால் இரண்டு அடி பின்னால் போங்கள். உறுமியதற்குத் திட்டாதீர்கள், இதைப் பற்றிக் கீழே நிறையப் பேச வேண்டியிருக்கும்.

பெயர் இல்லாமல்: பால் கொடுக்கலாமா?

நிறைய நாய்களுக்குப் பேதியாகும். சாப்பாட்டுக் கேள்விகளை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

கோவையிலிருந்து: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஒரு வயது ஆண் நாய், தத்தெடுத்து ஒரு மாதம். நாங்கள் கிளம்பியதும் ஊளை, கதவைப் பிறாண்டி மரம் பெயர்ந்துவிட்டது. அசோசியேஷனிலிருந்து நாயை அனுப்பிவிடச் சொல்கிறார்கள். கூண்டில் போட்டுவிட்டுப் போகலாமா?

கூண்டு வேண்டாம். தனிமையில் பதறும் நாயைக் கூண்டில் அடைத்தால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும்.

முதலில் பழைய போன் ஒன்றை வீட்டில் வைத்து, நீங்கள் போன பிறகு நடப்பதை வீடியோ எடுங்கள். கிளம்பிய அரை மணிக்குள் ஊளை, தரை நனையும் அளவுக்கு எச்சில், வெளியே போகப் பழகியிருந்தும் உள்ளேயே மூத்திரம், கதவு ஜன்னல் பக்கம் மட்டும் சேதம் என்று இருந்தால் அது பிரிவுப் பதற்றம். இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து சாவகாசமாகச் செருப்பைக் கடித்தால் அது வெறும் சலிப்பு, காலையில் நன்றாக நடத்திவிட்டுக் கடிக்க ஏதாவது கொடுத்தால் போதும். கதவு பெயர்ந்ததைக் கேட்டால் உங்களுடையது முதல் வகை.

அதற்கு வைத்தியம் மெதுவானது. நாய்க்கு உங்கள் சாவிச் சத்தம், ஹெல்மெட், ஷூ எல்லாம் மனப்பாடம், நீங்கள் கிளம்புவதற்கு முன்பே பயம் தொடங்கிவிடும். அதனால் போகாத நேரத்திலும் சாவியை எடுத்து வையுங்கள், ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு காபி குடியுங்கள். நாய் அதைக் கண்டுகொள்ளாத பிறகு, கதவைத் திறந்து மூடுவது. பிறகு வெளியே ஒரு நொடி நின்று வருவது. பிறகு ஐந்து நொடி, பத்து நொடி, ஒரு நிமிடம். நாய் பதறுவதற்கு முன் திரும்பி வர வேண்டும், அதுதான் முழுச் சூட்சுமம். நேற்று ஐந்து நிமிடம் இருந்தது, இன்றைக்கு இரண்டில் பதறுகிறது என்றால் ஒரு நிமிடத்துக்கு இறங்குங்கள், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

இது நடக்கும் வாரங்களில் அதைத் தனியாக விடக்கூடாது. மாறி மாறி லீவு, வீட்டிலிருந்து வேலை, அம்மா வீடு, பகலில் நாயைப் பார்த்துக்கொள்பவர், எது முடியுமோ அது. துணைக்கு இன்னொரு நாய் வாங்க வேண்டாம். அது ஏங்குவது மனிதருக்காக. கடுமையாக இருந்தால் மருத்துவரிடம் மருந்து பற்றிப் பேசுங்கள், தயங்காதீர்கள். ஃப்ளூக்ஸெட்டின், க்ளோமிப்ரமின் போன்றவை இதற்கென்றே கொடுக்கப்படுபவை. மயக்கிப் போடும் மருந்து இல்லை, வேலை செய்ய சில வாரம் எடுக்கும், பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும்.

அசோசியேஷன் விஷயம். வீட்டில் நாய் வளர்க்கக் கூடாது என்று தடை போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை, விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் தலைவலியும் உண்மைதான். நேரில் போய், என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: மேடம், இதெல்லாம் நகரத்துச் செல்லம். நாங்கள் கோம்பையும் சிப்பிப்பாறையும் வளர்த்தவர்கள். அடியாத மாடு படியாது. யார் தலைவன் என்று முதல் வாரத்திலேயே காட்டாவிட்டால் நாய் தலையில் ஏறிவிடும். ஓநாய்க் கூட்டத்துக்கே தலைவன் உண்டு, படித்ததில்லையா?

படித்திருக்கிறேன் ஐயா. அந்த ஓநாய்க் கதை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். ருடால்ஃப் ஷென்கெல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாஸல் விலங்குக் காட்சிசாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-ல் எழுதியது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டால் சண்டை வரத்தான் செய்யும். டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-ல் அந்தக் கருத்தைப் பரப்பினார். அவரே பிறகு கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைக் கோடைதோறும் நேரில் பார்த்துவிட்டு, கூட்டம் என்பது அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும்தான், அடித்துப் பிடித்து வந்த தலைவன் யாரும் இல்லை என்று 1999-ல் எழுதினார். சொன்னவரே திருத்திக்கொண்டதை நாம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அதோடு, உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது ஓநாய் இல்லை.

ஓசூரிலிருந்து: திண்டுக்கல்காரர் சொல்வது சரி. என் நாய் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனால் உறுமும். இரண்டு போடு போட்டேன், உறுமலே நின்றுவிட்டது.

நின்றது உறுமல் மட்டும்தான், பயம் அப்படியே இருக்கிறது. தட்டை நீங்கள் பிடுங்கிவிடுவீர்கள் என்று அது நினைத்தது, நீங்கள் அதை உறுதிப்படுத்திவிட்டீர்கள். இனி எச்சரிக்கை கொடுக்காமல் நேராகக் கடிக்கும். "திடீரென்று கடித்துவிட்டது, முன்பெல்லாம் உறுமக்கூட செய்யாது" என்று என்னிடம் வருபவர்களிடம் விசாரித்தால் பாதிப் பேர் வீட்டில் உறுமலுக்கு அடி விழுந்திருக்கும். உங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இன்றைக்கே நாய்க்குத் தனி இடத்தில் சாப்பாடு வையுங்கள், யாரும் பக்கத்தில் போக வேண்டாம். சில நாள் கழித்து, அது உறுமாத தூரத்தில் நடந்து போகும்போதெல்லாம் ஒரு ஈரல் துண்டை அதன் பக்கம் போட்டுவிட்டு நிற்காமல் போங்கள். மனிதர் வந்தால் தட்டில் கூடும், குறையாது என்று அது தெரிந்துகொள்ள வேண்டும். வாயிலிருந்து எதையும் பிடுங்காதீர்கள், அதைவிட நல்லதைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து மறுபடி: சரி, அடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆட்டுக்குட்டி மேல் பாய்ந்தால்? பக்கத்துத் தோட்டத்துக் கோழியைக் கொன்றால்? கொஞ்சிக்கொண்டு நிற்கவா?

இது நியாயமான கேள்வி. சிப்பிப்பாறை முயலைத் துரத்தவென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டது, ஓடுவதைக் கண்டால் ஓடும், அதை அடியால் எடுக்க முடியாது. ஓட வாய்ப்பே கொடுக்காமல் இருப்பதுதான் வழி. பத்து மீட்டர் கயிறு, ஆடு தெரியும் ஆனால் நாய் இன்னும் உங்களைக் கவனிக்கும் தூரம், ஆட்டைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில் ஒரு கறித் துண்டு. வாரக்கணக்கில் செய்து தூரத்தைக் குறைக்க வேண்டும். உங்கள் பக்கத்திலேயே நல்ல நாய் வளர்க்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் குட்டியைப் பொறுமையாகத்தான் பழக்கினார்கள். அடித்து வளர்த்த நாயை அவர்கள் ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் நம்பி விடுவதில்லை.

ஒருவர்: ஷாக் பெல்ட் ஆன்லைனில் கிடைக்கிறதே?

வாங்காதீர்கள். பயந்த நாய்க்கு வலி வந்தால், அந்த நேரம் எதிரில் யார் நிற்கிறாரோ அவரால்தான் வந்தது என்று நினைக்கும்.

சேலத்திலிருந்து (அவசரம் என்று எழுதியிருக்கிறார்): விளையாடும்போது பையன் கையில் பல் கீறி லேசாக ரத்தம். வீட்டு நாய்தானே, ஊசி தேவையா?

மற்றவர்கள் காத்திருக்கட்டும், இதை முதலில் படியுங்கள். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி அங்கே இலவசம். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாது, அதனால் "பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது. நாய்க்குத் தடுப்பூசி அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். அட்டை இல்லாமல் தத்தெடுத்த எல்லோரும் நாளைக்கே நாய்க்கும் போட்டுவிடுங்கள். மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் பூஸ்டர், அப்புறம் ஆண்டுதோறும்.

மூன்று பேர் ஒரே மாதிரி: என் நாயும் கட்டிலுக்கு அடியில்தான்...

வேளச்சேரிக்கு எழுதியதைப் படியுங்கள். படித்த பிறகும் சந்தேகம் இருந்தால் மட்டும் கேளுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: வீடு முழுக்க மூத்திரம். மூக்கை அதில் தேய்த்தும் புரியவில்லை.

தேய்த்ததால்தான் புரியவில்லை. உங்கள் எதிரில் போவது ஆபத்து என்று மட்டும் கற்றுக்கொண்டு இனி சோபாவுக்குப் பின்னால் போகும். எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும், படுக்கும் முன்னும் கயிறு கட்டி ஒரே இடத்துக்குக் கூட்டிப் போய், முடித்த அந்த இடத்திலேயே ஒரு கறித் துண்டு கொடுங்கள். உள்ளே போன இடத்தை நாற்றம் முழுதாகப் போகும் என்ஸைம் கிளீனரால் துடையுங்கள், வெறும் பினாயில் போதாது. ஆள் வந்ததும் குனிந்து சொட்டுச் சொட்டாக விட்டால் அது பயத்தில் வருவது, திட்டத் திட்ட அதிகமாகும். அந்த நேரத்தில் குனிந்து தடவாமல் கடந்து போங்கள்.

பெயர் இல்லாமல்: மூன்று நாள் ஆகிறது, ஒட்டவே இல்லை. எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாமா?

மூன்று நாள் ஒன்றுமே இல்லை. சாப்பாட்டு நேரம், நடை நேரம் பிடிபடவே சில வாரம், உங்களை நம்புவதற்குச் சில மாதம் ஆகும். உண்மையிலேயே முடியாது என்றால் கொடுத்தவரிடமோ காப்பகத்திடமோ திருப்பிக் கொடுங்கள். தெருவில் விடாதீர்கள், அது இருந்த இடத்தை வேறு நாய்கள் எடுத்துக்கொண்டிருக்கும். வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமும்கூட.

ஐந்தாறு பேர்: தீபாவளிக்கு என்ன செய்வது?

இப்போதே கேட்டது நல்லது. தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்றாலும் உங்கள் தெருவில் எப்போது தொடங்கும் என்பது உங்களுக்கே தெரியும். விடிவதற்கு முன் ஒரு நடை, மதியம் ஒரு நடை, அதோடு வெளியே போவதை முடித்துக்கொள்ளுங்கள். உள் அறை, மூடிய ஜன்னல், ஃபேன், டிவி சத்தம், ஒளிய ஒரு மூலை. மடியில் வந்து ஒட்டினால் அணைத்துக்கொள்ளுங்கள். அணைத்தால் பயம் கூடும் என்பது பொய். போன வருடம் நடுங்கிய நாயாக இருந்தால் இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள், மனிதருக்கு எழுதிய தூக்க மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அன்றைக்கு வீட்டுக்குள்ளும் கழுத்து பெல்ட், அதில் உங்கள் போன் எண். கேட், மொட்டை மாடிக் கதவு இரண்டும் பூட்டியிருக்கட்டும். பலகாரம் கொடுக்க வருபவர் கதவைத் திறக்கும் நேரத்தில்தான் நாய் ஓடும்.

மதுரையிலிருந்து: பத்து மாத நாய், ஒரு மாதமாகிறது, வீட்டில் நன்றாக இருக்கிறது. தெருவில் மற்ற நாய்களைப் பார்த்தால் குரைத்துக் கயிற்றை இழுக்கிறது. தினமும் சண்டை போலிருக்கிறது.

இந்த வயதில் ஏற்கெனவே பழகியதற்கும் மறுபடி பயம் வரும், நாய் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். தெரு நாய்கள் ஒதுங்கிக் கிடக்கும் நேரத்தில், ஆளில்லாத தெருவில் நடத்துங்கள். தூரத்தில் ஒரு நாய் தெரிந்ததும், இது குரைப்பதற்கு முன், கறியைத் துண்டு துண்டாகக் கொடுத்துக்கொண்டே திரும்பி வேறு பக்கம் போங்கள். குரைக்கத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பேசாமல் விலகுங்கள். தெரு நாய்கள் நெருங்கி வந்தால் உங்கள் நாயைத் தூக்கவோ ஓடவோ வேண்டாம், ஒரு கைப்பிடி பிஸ்கட்டை அவற்றின் பக்கம் எறிந்துவிட்டு நடந்து போய்விடுங்கள். அடுத்த மாதம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.