ஜப்பானில் தனியாளாகக் கிறிஸ்துமஸ்: கேள்வி பதில்

ஊழியத்துக்காக ஜப்பானுக்குத் தனியாக வந்திருப்பவர்கள் நவம்பர் பிறந்ததுமே கேட்க ஆரம்பிக்கும் கேள்விகள் இவை. பல வருஷமாக இங்கே இருப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அக்கா, 25ஆம் தேதி இங்கே லீவே கிடையாதாமே? நான் வந்து முதல் கிறிஸ்துமஸ் இது. (ஒசாகா)

கிடையாது தங்கச்சி. வங்கி, தபால் நிலையம், அலுவலகம் எல்லாம் வழக்கம்போலத்தான். அதனால் பெரும்பாலான சபைகள் அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையிலேயே கிறிஸ்துமஸ் ஆராதனையை வைத்துவிடும். 24 மாலை மெழுகுவர்த்தி ஆராதனை இருக்கும். அதைத் தவறவிடாதே. வருஷம் முழுக்கச் சபை வாசலை மிதிக்காதவர்கள்கூட அன்றைக்கு வருவார்கள். ஊர் ஆராதனையையும் விட வேண்டாம். அங்கே விடியற்காலை 4 மணி என்றால் இங்கே காலை 7:30. நேரலையில் பார்த்துவிட்டு, வகுப்புக்கோ வேலைக்கோ கிளம்பலாம்.

24ஆம் தேதி இரவு நண்பர்களைக் கூப்பிட்டேன். ஒவ்வொருத்தராக நழுவிவிட்டார்கள். என்னைப் பிடிக்கவில்லையோ?

அடடா, அதெல்லாம் இல்லை. இங்கே 24 இரவு காதலர்களுக்கான இரவு. ஜோடி இருப்பவர்கள் ஜோடியோடு போவார்கள், இல்லாதவர்கள் அதை வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். முந்தின சனிக்கிழமை மதியத்துக்குக் கூப்பிடு, வருவார்கள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருவதை இங்கே மோச்சியோரி என்பார்கள். அப்படிச் சொல்லி அழைத்தால் உனக்கும் செலவு குறையும், அவர்களுக்கும் கைவீசி வந்தோமே என்ற சங்கடம் இருக்காது. வீட்டுக்குப் போக முடியாத நேபாள, வியட்நாம் மாணவர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள். ஒண்டிக்கட்டைகள் நாலு பேர் சேர்ந்தால் அதுவே ஒரு வீடுதான். யாராவது அழைப்பார்கள் என்று காத்துக்கொண்டு மட்டும் இருக்காதே.

நம் ஊர்ப் பலகாரம் இங்கே செய்ய முடியுமா?

பிளம் கேக்கைவிட அச்சு முறுக்குதான் என் கட்சி. நிறைய வீடுகளில் கேக் சுடும் பெரிய ஓவன் கிடையாது, ஆனால் ஒரு வாணலி எங்கேயும் உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் ஜோஷின்கோ என்ற அரிசி மாவு கிடைக்கும், அதை வாங்குங்கள். மோச்சிகோ ஒட்டும் அரிசி மாவு, அது வேண்டாம். தேங்காய்ப்பால் டின்னில் வரும். மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள். தோசை மாவைவிட இளக்கமாக இருக்கட்டும். அச்சை முதலில் எண்ணெயில் நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். மேல் விளிம்பையும் மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று விழாது, குச்சியால் நோண்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அச்சு இங்கே தேடினால் கிடைப்பது கஷ்டம், ஊரிலிருந்து வரும்போதே பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானிய நண்பர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். காரச் சமையலில் மட்டும் கையை அடக்குங்கள்.

வறுத்த கோழியும் ஸ்ட்ராபெர்ரி கேக்கும் அவர்கள் பாட்டுக்குக் கொண்டுவருவார்கள். 1974இல் கேஎஃப்சி செய்த விளம்பரத்திலிருந்து கிறிஸ்துமஸ் என்றால் கோழி என்றாகிவிட்டது. முன்பதிவு செய்யாமல் அன்றைக்குக் கடைக்குப் போனால் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

பரிசு கொடுக்கலாமா?

சின்னதாக. விலை கூடினால் திருப்பிச் செய்ய வேண்டுமே என்ற பாரம் அவர்கள் தலையில் ஏறும்.

வருகிறவர்கள் யாரும் விசுவாசிகள் இல்லை. சாப்பாட்டின்போது பிரசங்கம் செய்யலாமா, அக்கா?

அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "சாப்பிடுவதற்கு முன் லூக்கா இரண்டாம் அதிகாரம் வாசிப்போம், இரண்டு பாட்டுப் பாடுவோம்." தெரிந்து வருகிறவர்கள் ஆசையாகக் கேட்பார்கள். சாப்பாட்டைக் காட்டி உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசுவது எனக்குப் பிடிக்காது, அடுத்த வருஷம் ஒருத்தரும் வரமாட்டார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள், எவ்வளவு நேரமானாலும். அடுக்குமாடிச் சுவர்கள் மெல்லியவை என்பதால் பாட்டை மட்டும் ராத்திரி ஒன்பதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

மகள் அங்கே தனியாக இருக்கிறாள். நினைத்தாலே சோறு இறங்கவில்லை. (பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தாயார்)

அம்மா, 25 சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுங்கள், வீட்டில் எல்லாரையும் வரிசையாகக் காட்டுங்கள். கல்யாணப் பேச்சை மட்டும் ஜனவரிக்குத் தள்ளி வையுங்கள்.

முற்காலத்தில் தனியாக வந்த பெண்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள்?

லாட்டி மூன் அம்மையாரைச் சொல்லலாம். அமெரிக்காவிலிருந்து 1873இல் சீனாவுக்குப் போனவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகளுக்குப் பிஸ்கட் சுட்டுக் கொடுத்துத்தான் அக்கம்பக்கத்தில் பழகினார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரத்தில் ஊழியத்துக்காகக் காணிக்கை எடுங்கள் என்று 1887இல் ஊருக்கு எழுதினார். அந்தக் காணிக்கைக்கு 1918இல் அவர் பெயரையே வைத்தார்கள். அவர் இறந்தது இங்கேதான், 1912 டிசம்பர் 24, கோபே துறைமுகத்தில் நின்ற கப்பலில். உடல் நலிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். அவரைத் தியாகி என்று பாராட்டிவிட்டுப் போவது எளிது. நான் சொல்வது வேறு: உடம்பைக் கவனியுங்கள், சோர்வாக இருந்தால் யாரிடமாவது சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸ் நன்றாகவே போனது. அதற்கப்புறம்தான் தாங்க முடியவில்லை.

எல்லாருக்கும் அப்படித்தான். 26 காலையில் கடைகளில் மரத்தை எடுத்துவிட்டுப் புத்தாண்டு மூங்கில் அலங்காரத்தை வைத்துவிடுவார்கள். இங்கே குடும்பம் கூடுவது புத்தாண்டுக்குத்தான். நண்பர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், சிறு கடைகள் பல மூடியிருக்கும். அதனால் 24க்குப் போடும் திட்டத்தைவிட ஜனவரி 1, 2, 3க்குத்தான் உறுதியான திட்டம் வேண்டும். தனியாக இருக்கும் இன்னொரு ஊழியரோடு இப்போதே பேசிவையுங்கள். யாராவது தங்கள் வீட்டுக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள், ஒரு டப்பா அச்சு முறுக்கோடு. புத்தாண்டுக்குத் தரும் ஜோனி சூப்பில் மோச்சி என்ற ஒட்டும் அரிசிக் கட்டி வரும், அதை மட்டும் சின்னச் சின்னதாகக் கடித்து, நன்றாக மென்று விழுங்குங்கள். தொண்டையில் சிக்கும்.