உள்ளே ஒன்றை ஒளித்த கைத்தடிகள்: கேள்வி பதில்

கேள்வி: சார், வாளைத் தவிர பழைய கைத்தடிகளுக்குள் வேறு என்ன இருக்கும்?

பதில்: 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வசதியான ஆண்கள் தடியில்லாமல் வெளியே கிளம்புவது அபூர்வம். தொலைநோக்கி, புல்லாங்குழல், தூண்டில், மதுவுக்கு ஒல்லியான கண்ணாடிக் குழாய் என்று எல்லாவற்றையும் அதற்குள்ளேயே அடக்கினார்கள். எனக்குப் பிடித்தது குதிரை வாங்குபவர்களின் தடி. பிடியை இழுத்தால் அளவுகோல் மேலே வரும். அதன் உச்சியில் மடங்கியிருக்கும் சட்டத்தை விரித்துக் குதிரையின் தோள்மேட்டில் வைப்பார்கள். சட்டத்தில் சின்ன ரசமட்டம் பதித்திருக்கும். குமிழி நடுவில் நின்றால்தான் உயரம் சரி. அவ்வளவும் உள்ளே போனபின் வெறும் தடிதான் தெரியும்!

கேள்வி: பிரபலமான ஒருவர் வைத்திருந்தது என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். நம்பலாமா?

பதில்: கைமாறிய வரலாற்றுக்குச் சான்று இல்லையென்றால் பெயருக்காக ஒரு பைசாகூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள். லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரியில் தங்கப்பிடித் தடி ஒன்று இருக்கிறது. ராட்கிளிஃப், மீட், அஸ்க்யூ, பிட்கேர்ன், பெய்லி என்று பெயர்பெற்ற மருத்துவர்களிடம் வரிசையாக இருந்தது. அவர்களின் குடும்ப இலச்சினைகள் பிடியிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. பெய்லியின் மனைவி 1825இல் அதைக் கல்லூரிக்குக் கொடுத்தார். பெஞ்சமின் பிராங்க்ளினோ தங்கத் தலைப்பிட்ட தன் தடியை ஜார்ஜ் வாஷிங்டனுக்கு உயிலிலேயே எழுதிவைத்தார். இன்று அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சான்று என்றால் இப்படி இருக்க வேண்டும். வெள்ளி வளையத்தில் இரண்டு எழுத்து வெட்டியிருப்பது போதாது, அதை நேற்றுக்கூட வெட்டியிருக்கலாம். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: வளையம் முழுக்கத் தேய்ந்திருக்க, எழுத்தின் விளிம்பு மட்டும் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: பழசா, புதுசா என்று எங்கே பார்ப்பது?

பதில்: எல்லாரும் பிடியைப் பார்ப்பார்கள். நீங்கள் பூணை, அதாவது தடியின் கீழ்முனையில் மாட்டிய உலோக உறையைப் பாருங்கள். பழைய தடிகள் பலவற்றில் நீளமான பித்தளைப் பூணும் நுனியில் இரும்பும் இருக்கும். ஊன்றி நடந்த தடி சாய்வாக, ஒரு பக்கமாகத் தேயும். தண்டும் பிடியும் பழையதாக இருந்து பூண் மட்டும் பளபளத்தால், தடியை வெட்டிக் குட்டையாக்கியிருக்கலாம்.

கேள்வி: ரெமிங்டன் துப்பாக்கித் தடி உண்மையிலேயே சுடுமா?

பதில்: சுடும். அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான ரெமிங்டன் செய்தது. 1858இல் காப்புரிமை பெற்றது, ஒரே குண்டு. பிடியைப் பின்னுக்கு இழுத்தால் தயாராகும், பிடிக்குச் சற்றுக் கீழே தண்டில் உள்ள பொத்தான்தான் விசை. கையில் கிடைத்தால் நீங்களே சோதித்துப் பார்க்காதீர்கள்.

கேள்வி: தாத்தாவின் தடிக்குள் வாள் இருக்கிறது, பிடி தந்தம். வெளிநாட்டில் உள்ள ஒருவர் கேட்கிறார். விற்கலாமா ஐயா?

பதில்: விற்காதீர்கள். இந்தியாவில் யானைத் தந்தம் விற்பது குற்றம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளாக இருந்தால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வாள்தடியை வாளோடு சேர்த்தே சொல்கின்றன. உங்கள் பகுதியில் உரிமம் வேண்டுமா என்று முதலில் விசாரியுங்கள். அதுவரை அலகைத் தேய்க்கவோ புதுப்பிக்கவோ வேண்டாம்.